பதில்: விடுதி மாடிக்கு 14 லட்சம் - நிதி வேண்டுகோள்

அன்புள்ள சித்தப்பாவுக்கும் குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

தரங்கம்பாடியில் இருக்கும் நம் குடும்ப விடுதியின் மாடிக்குச் சங்கப் பணத்திலிருந்து 14 லட்சம் வேண்டும் என்று சித்தப்பா எழுதியிருந்தார். தம்பி ஊருக்குப் போய் விடுதியின் படங்களைப் போட்டதிலிருந்து ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறோம். துபாய் மாமா கணக்கைக் கேட்கிறார், சித்தப்பா மானம் போகிறது என்கிறார். படத்தில் இருப்பதை யாரும் பேசவில்லை.

கடல் பக்கத்துப் புது அறைகளில் மேல்தளக் காங்கிரீட் பெயர்ந்து கம்பி வெளியே வந்துவிட்டது. குளியலறைக்கு மேலே இருக்கும் கம்பியைப் பெரிதாக்கிப் பாருங்கள், தகடு தகடாக உரிந்து நிற்கிறது. உப்பு இறங்கித் துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்தால் காங்கிரீட்டைப் பிளக்கும். மேலே சிமெண்ட் பூசி வெள்ளையடித்தால் அடுத்த ஐப்பசி மழைக்கு மறுபடி விழும். போன தடவை அதைத்தான் செய்தார்கள். அதற்கும் நாம்தான் அனுப்பினோம்.

முன் பக்கத்துப் பழைய வீட்டைப் பாருங்கள். தேக்கு உத்திரம், அதன்மேல் குத்தாக அடுக்கிய செங்கல், சுண்ணாம்புத் தளம். சுனாமியில் காம்பவுண்டுச் சுவர் போயிற்று, கீழ் அறைகளில் இடுப்பளவு சேறு, ஆனால் வீடு அசையவில்லை. இப்போது அங்கே உதிர்வதெல்லாம் சித்தப்பா பிற்பாடு சிமெண்ட் பூசிய இடங்கள் மட்டும்தான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதை அடைத்துவிடும், உள்ளே தங்கிய உப்பு பூச்சைத் தள்ளிக்கொண்டு வரும்.

'டேனிஷ்காரன் காலத்து விடுதி, விட்டுவிடலாமா' என்று எழுதியிருந்தீர்கள், சித்தப்பா. டேனிஷ்காரன் 1620-இல் வந்தான், 1845-இல் விற்றுவிட்டுப் போனான். வீடு பழையதாக இருக்கலாம், விடுதி தாத்தா தொடங்கியது. 1926-இல் மாயவரத்திலிருந்து ரயில் வந்த பிறகு, ஸ்டேஷனில் இறங்குகிறவர்களுக்குச் சாப்பாடு போட்டு, அப்புறம் திண்ணையில் படுக்க இடம் கொடுத்து, அப்படி வளர்ந்தது. பாட்டியின் கோலா மீன் குழம்புக்காகவே ஒரு நாள் கூடத் தங்கியவர்கள் உண்டு. 1986-இல் ரயிலை நிறுத்தியதும் பாதி வியாபாரம் படுத்துவிட்டது. அதற்கப்புறம் வேளாங்கண்ணிக்குப் போகிற குடும்பங்களும் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்திறங்கிய ஊரைப் பார்க்க வந்த ஜெர்மன்காரர்களும்தான் அடுப்பை எரிய வைத்தார்கள். 2006-இல் அவர் வந்த 300-ஆம் ஆண்டு விழாவுக்கு அறை கிடைக்காமல் மாடியில் பாய் விரித்தோமே, அந்த ஆசையில்தான் கடல் பக்கம் அறை கட்டினீர்கள். அப்பா வேண்டாம் என்றார். 1306-இல் நம் ஊர்க் கரையில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலையே கடல் பாதி தின்றுவிட்டது, இது எந்த மூலைக்கு?

இன்னொன்று. அந்தக் காலத்து டேனிஷ்காரன் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து இங்கிலீஷ்காரனுக்குக் கொடுத்தது 12.5 லட்சத்துக்கு. நீங்கள் ஒரு மாடிக்கு 14 கேட்கிறீர்கள். (சிரிப்பதற்காகச் சொன்னேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

கேலி இருக்கட்டும். கடற்கரை ஒழுங்குமுறை விதிப்படி, அனுமதி வாங்கிக் கட்டிய பழைய கட்டடத்தைப் பரப்பு கூட்டாமல் பழுது பார்க்கலாம். கடல் பக்க அறைகளுக்கு பிளான் அப்ரூவல் இருக்கிறதா? இருந்தால் நகலை ஸ்கேன் பண்ணிப் போடுங்கள். இல்லையென்றால் அதற்கு என் பங்காக ஒரு காசும் வராது, இடித்துவிடுவதுதான் நல்லது. ஆள் தங்கும் அறை, தலையில் விழுந்தால் யார் பதில் சொல்வது?

மாமாவுக்கு: குடும்பச் சொத்துக்குச் சங்கப் பணமா என்று கேட்டது நியாயம்தான். ஆனால் சுனாமி முடிந்த அந்த வாரம் உங்கள் வீட்டார் எந்த மாடியில் படுத்தார்கள், யார் கஞ்சி காய்ச்சினார்கள் என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சுனாமி நேரத்தில் அனுப்பிய பணத்தின் கணக்கை நானும்தான் கேட்கிறேன். பில் இல்லாவிட்டால் நோட்டுப் புத்தகமாவது இருக்குமே.

பழைய வீட்டுக்குச் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை வைத்து எஸ்டிமேட் போட்டால் முதல் தவணையை நான் அனுப்புகிறேன். சங்கக் கணக்குக்கு இல்லை, நேராகக் கொத்தனாருக்கு.

சித்திக்குத் தனியாக எழுத நினைத்தேன், பரவாயில்லை, எல்லோரும் படிக்கட்டும். வாசல் தேக்கு பெஞ்சு தம்பி எடுத்த படத்தில் இல்லை. அதை அத்தைக்குத் தருவதாகப் பாட்டி எல்லோர் முன்னாலும் சொன்னார். எங்கே போயிற்று?