பெட்டியும் மூடியும் ஒன்றான பொருளுக்கு ஒரு சொல் வேண்டும்

ஹற்றனிலிருந்து, திங்கட்கிழமை

அன்பின் நண்பர்களுக்கு,

வாகனத் திருத்தவேலை பயிலும் இளைஞர்களுக்காக நான் எழுதிவரும் கையேடு வருகிற வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல்லுக்காக ஒரு பக்கம் வெறுமையாக நிற்கிறது.

பின்னால் திறந்த சுமைத்தட்டு உள்ள டபள் கெப் வாகனத்தின் அந்தப் பின்தட்டை மூடும் மூடியும், கருவிகள் வைக்கும் பெட்டியும் ஒரே அமைப்பாக இப்போது வருகின்றன. இரண்டையும் தனித்தனியே வாங்கியவர்கள் பட்ட துன்பத்திலிருந்து பிறந்த பொருள் இது. கருவிப்பெட்டி ஓட்டுநர் அறைக்குப் பின்னால், தட்டின் இரு பக்கச் சுவர்களின் மேல் குறுக்காக உட்கார வேண்டும்; மூடியும் அதே இடத்தில் தொடங்கித்தான் பின்கதவு வரை போக வேண்டும். ஓரிடத்துக்கு இரண்டு பேர் போட்டி. ஆகவே, பெட்டியை முன்னால் நிறுத்தி, அதற்குத் தனியே ஒரு கதவு கொடுத்து, அதன் பின்விளிம்பிலிருந்து மூடியைத் தொடங்கி, இடையில் உள்ள பொருத்தை இறப்பர் பட்டியால் அடைத்துவிடுகிறார்கள்.

சென்ற வாரம் கரும்பலகையில் 'பெட்டிமூடி' என்று எழுதினேன். முன்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "பெட்டியோட மூடிதானே சேர் இது? அப்ப பெட்டி எங்க?" என்று கேட்டார். அவர் கேள்வி நியாயமானது. தமிழில் தொகைச்சொல்லின் பின்னால் நிற்பதே தலைமை; 'பெட்டிமூடி' என்றால் பெட்டியினது மூடி என்றுதான் எவரும் கொள்வார்கள். 'மூடிப்பெட்டி' என்று மாற்றினால் மூடியை உடைய பெட்டி என்றாகிறது. மூடி இல்லாத பெட்டி உலகில் எத்தனை உண்டு? ஒற்று மிகாமல் 'மூடிபெட்டி' என்று எழுதினால், வெற்றிலைபாக்கு என்பதைப் போல உம்மைத்தொகையாகி மூடியும் பெட்டியும் என்ற பொருள் கிடைக்கும். ஆனால் ஒரு ப் வந்ததா வராததா என்பதைப் பார்த்துப் பொருளைப் பிரித்தறியும்படி பதினெட்டு வயதுப் பிள்ளைகளிடம் நான் எப்படிக் கேட்பேன்?

ஆங்கிலத்தில் பின்தட்டு மூடிக்கு வழங்கும் 'டொனோ' என்ற சொல் பிரெஞ்சு மொழியில் பீப்பாவைக் குறிப்பது. பழைய மோட்டார் வண்டிகளின் உருண்டையான பின்னிருக்கைப் பகுதிக்கு அந்தப் பெயர் வந்து, பிறகு அதை மூடும் துணிக்கும் ஒட்டிக்கொண்டது. அதைச் சொல்லும்போது இன்று யாரும் பீப்பாவை நினைப்பதில்லை. ஆகவே நமது சொல்லும் பொருளின் எல்லாக் கூறுகளையும் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் பிழையான பொருளைத் தந்துவிடக் கூடாது.

வியாழன் மாலைக்குள் உங்கள் பரிந்துரைகளை எதிர்பார்க்கிறேன்.


பண்டாரவளையிலிருந்து, திங்கள் இரவு

அன்பின் ஹற்றன் ஆசிரியருக்கு,

உங்கள் மடலைப் படித்ததும் எனக்குப் புறநானூற்றின் 102ஆம் பாட்டுத்தான் நினைவுக்கு வந்தது. அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. மாடுகளோ இளையவை, நுகம் பழகாதவை. வண்டியிலோ சுமை அதிகம். 'அவல் இழியினும் மிசை ஏறினும்' என்ன நேருமென்று யாருக்குத் தெரியும் என எண்ணிய உப்பு வணிகர், வண்டியின் கீழ்மரத்தில் 'சேம அச்சு' ஒன்றைக் கட்டிக்கொண்டு போனார்களாம். பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ற அந்த அடியை, றம்பொடை வளைவுகளில் சுமையோடு ஏறி இறங்கியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வழியில் பழுது வந்தால் உதவுவதற்கென்று வண்டியோடு கட்டிக் கொண்டுபோகும் பொருளுக்கு, நம் மொழியில் சேமம் என்ற பெயர் அன்றே வழங்கியிருக்கிறது.

அடுத்த அடியையும் பாருங்கள். 'இசை விளங்கு கவிகை நெடியோய்' என்கிறார். அங்கே கவிகை என்பது கொடுப்பதற்காகக் கவிந்த கை. அதே சொல் குடையையும் குறிக்கும். கவி என்ற வேரிலிருந்து கவிதல், கவிழ்தல், கவிப்பு எல்லாம் வருகின்றன. மேகம் கவிந்தது என்று நாம் தினமும் சொல்கிறோம். மேலே கவிந்து மூடுவது கவிகை. கருவியைக் காப்பது சேமம். இரண்டும் ஒரே பாட்டில், அடுத்தடுத்த அடிகளில் கிடைக்கின்றன. ஆகவே 'சேமக்கவிகை' என்று வைக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

வண்டிக்குக் கூரை போடுவதும் நமக்குப் புதிதன்று. பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வண்டி 'ஆரை வேய்ந்த அறைவாய்ச் சகடம்' எனப்படுகிறது. ஆரைப்புல் வேய்ந்த அந்த வண்டி, மழையைச் சுமந்த குன்றுபோல் இருந்ததாம்.


கண்டியிலிருந்து, செவ்வாய் காலை

மதிப்பிற்குரிய பண்டாரவளை ஐயாவுக்கு வணக்கம்.

பாட்டு அருமையானது என்பதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் சேமம் என்பது 'க்ஷேம' என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். சங்கப்பாட்டில் இருப்பதாலேயே ஒரு சொல் தமிழ்ச்சொல் ஆகிவிடாது. புதிதாக ஒரு சொல்லை ஆக்கும்போதாவது நமது வேரிலிருந்து ஆக்க வேண்டும் என்பதற்காகவே இந்தச் சொல்லாக்கக் குழுவில் இருக்கிறேன். பாதுகாப்பைக் குறிக்க 'ஏமம்' உண்டு. 'இனமென்னும் ஏமப் புணை' என்று வள்ளுவர் சொல்கிறார். 'ஏமமூடி' என்று வைத்தால் சொல் சுருக்கமாகவும் தூய்மையாகவும் இருக்கும்.

இலங்கையின் கலைச்சொற்றொகுதிகள் நமக்கென்று ஒரு வழக்கைத் தந்திருக்கின்றன. தமிழகத்தில் அழுத்தம் என்பதை நாம் அமுக்கம் என்கிறோம். அவர்களது இயற்பியல் நமக்குப் பௌதிகவியல். அந்தக் கடைசிச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் உண்டு. அன்று தொகுத்தவர்கள் இன்னும் சற்றுக் கண்டிப்பாக இருந்திருக்கலாம்.


ஹற்றனிலிருந்து, செவ்வாய் மாலை

இரு பெரியவர்களுக்கும் நன்றி. இரண்டு சொற்களையும் இன்று வகுப்பில் எழுதிக் காட்டினேன். 'சேமக்கவிகை' என்பதை இருவர் 'சேமக்கவிதை' என்று படித்தார்கள். 'ஏமமூடி' என்றால் ஏமாற்றுகிற மூடியா என்று ஒருவர் கேட்டார். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. இந்தப் பிள்ளைகளில் பலர் தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துப் பிள்ளைகள்; இவர்கள் தமிழில் ஒரு தொழிலைக் கற்று முடிப்பதற்கு இந்தக் கையேடு உதவ வேண்டும். ஏமம் தமிழா, சேமத்திலிருந்து வந்ததா என்ற வழக்கும் இன்னும் தீர்ந்தபாடில்லை என்பதைக் கண்டி நண்பர் அறிவார்.


பதுளையிலிருந்து, புதன்கிழமை

அன்பின் நண்பர்களுக்கு,

நான் ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. வாகனங்களைப் பற்றி அதிகம் அறியேன். முதலில் 'படங்கு' என்ற சொல்லைத்தான் எண்ணினேன். என் அம்மா கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பைச் சுற்றிப் படங்கு கட்டுவார். தேயிலைச் செடியின் ஈரமும் முறித்த வாதுகளின் கீறலும் சேலையில் படாமல் அது தாங்கும். மாலையில் அதை அவிழ்த்து லயத்து வாசல் கொடியில் போடும்போது, கீழ்விளிம்பு கறை பிடித்து விறைப்பாக நிற்கும். மூடிக் காப்பதற்கு அதைவிட நமக்கு நெருங்கிய சொல் இல்லை. ஆனால் படங்கு துணி. சுருட்டுகிற மென்மூடிக்குப் பொருந்தும், உலோக மூடிக்குப் பொருந்தாது. அதனால் அதை நானே விட்டுவிட்டேன்.

பிறகு இன்று காலை வகுப்பறை யன்னலுக்கு வெளியே மலை தெரியவில்லை. பிள்ளைகள் 'மூடுபனி' என்றார்கள். பனி மூடுகிறது, ஆகவே மூடுபனி. அப்படியானால் தட்டை மூடுகிற பெட்டி 'மூடுபெட்டி' ஆகலாமே? வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது. ஆசிரியரின் ப் தொல்லையும் தீரும். மூடுவது அதன் வேலை, பெட்டி அதன் வடிவம். இரண்டும் இரண்டு சொல்லில் வந்துவிடுகின்றன.


நுவரெலியாவிலிருந்து, புதன் இரவு

நான் கராஜ் நடத்துகிறேன். தேயிலைத் தொழிற்சாலைகளுக்குப் போய் ரோலர், ட்ரையர் திருத்துகிற பிட்டர்கள் என்னிடம் வருகிறார்கள். அவர்கள் 'பொக்ஸ் வச்ச கவர்' என்றே கேட்கிறார்கள். 'மூடுபெட்டி' என்று இன்று ஒருவரிடம் சொன்னேன். திருப்பிக் கேட்காமல் தலையசைத்தார். எனக்கு அது போதும்.

கையேட்டில் ஒரு விடயத்தைச் சேர்க்குமாறு ஆசிரியரைக் கேட்கிறேன். இவ்வகை மூடிகள் பலவற்றில் மழைநீர் வடியும் குழாய்கள் முன்மூலைகளில் இருக்கின்றன. சமதரையில் அது சரியாக வேலை செய்யும். நமது ஊரில் வாகனத்தை ஏற்றத்தில், முகம் மேலே பார்க்க நிறுத்தினால் நீர் பின்னோக்கி ஓடி, பின்கதவு ஓரத்தில் தேங்கிப் பின்தட்டுக்குள் இறங்குகிறது. பின்மூலைகளிலும் வடிகுழாய் உண்டா என்று பார்த்து வாங்கும்படி எழுதுங்கள். சொல் எதுவானாலும் சாமான் நனையக் கூடாது.


பண்டாரவளையிலிருந்து, வியாழன் காலை

பதுளை ஆசிரியையின் சொல் அழகானது. மூடுபனி என்ற எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றாமல் போனதே என்று ஏக்கமாகவும் இருக்கிறது. இருந்தாலும் என் மறுப்பைப் பதிவுசெய்கிறேன். வினைத்தொகை எப்போதும் ஒரே வழியில் விரிவதில்லை. மூடுபனியில் பனி மூடுகிறது. ஆனால் குடிநீரில் நீர் குடிப்பதில்லை, அதை நாம் குடிக்கிறோம். 'மூடுபெட்டி' குடிநீரைப் போல விரிந்தால், நாம் மூடுகின்ற பெட்டி என்றாகி, நீங்கள் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடுவீர்கள். அதோடு, ஏறத்தாழ 1.5 மீற்றர் நீளமான தட்டில் பெட்டி பிடிப்பது மூன்றில் ஒரு பங்கு. மீதி முழுவதும் மூடி. பெரும்பங்கை விட்டுச் சிறுபங்கைத் தலைமைச் சொல்லாக்குவது முறையன்று.


ஹற்றனிலிருந்து, வியாழன் இரவு

ஐயாவின் மறுப்பு இலக்கணப்படி சரியானது. அதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. வகுப்பில் பெரும்பாலோர் முதல் முறையிலேயே சரியாகப் புரிந்துகொண்ட சொல் 'மூடுபெட்டி' என்பதால் அதையே வைக்கிறேன். முதலில் வரும் இடத்தில் 'பின்தட்டை மூடும் கருவிப்பெட்டி' என்று விரித்து எழுதி, அதன்பின் சுருக்கிக்கொள்கிறேன். வடிகுழாய் பற்றிய குறிப்பை, ஏற்றத்தில் நிற்கும் வாகனத்தின் படத்தோடு சேர்த்துவிட்டேன். நாளை காலை எட்டு மணிக்கு அச்சகத்துக்குப் புறப்படுகிறேன்.


பண்டாரவளையிலிருந்து, வியாழன் நள்ளிரவு

நூலின் கடைசியில் சொல்லடைவு இருக்குமானால், மூடுபெட்டிக்கு எதிரே 'சேமக்கவிகை என்றும் கூறலாம்' என்று ஒரு வரி சேர்க்க முடியுமா?


கண்டியிலிருந்து, வெள்ளி காலை 6.40

அப்படிச் சேர்ப்பதானால் ஏமமூடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.