ரஷ்ய மனைவியின் ஓசிஐ, மகளின் கடவுச்சீட்டு, மாமியாரின் விசா: எதை முதலில் செய்வது?

கேள்வி (கோவை மருத்துவர்)

அனைவருக்கும் வணக்கம். ரஷ்யாவின் வோல்கோகிராடில் மருத்துவம் படித்த காலத்தில் அறிமுகமான ரஷ்யப் பெண்ணை, 2022-இல் அந்நகரத் திருமணப் பதிவு அலுவலகத்தில் முறைப்படி மணந்தேன். எங்கள் மகள் 2023-இல் அங்கேயே பிறந்தாள். அவளிடம் ரஷ்யக் கடவுச்சீட்டு மட்டுமே உள்ளது. நான் ஊர் திரும்பித் தகுதித் தேர்வையும் பயிற்சியையும் முடித்து, இப்போது கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பணிபுரிகிறேன். மனைவியும் மகளும், இந்தியரின் வெளிநாட்டுக் குடும்பத்தினருக்குத் தரப்படும் எக்ஸ்-2 நுழைவு விசாவில் என்னுடன் வாடகை வீட்டில் வசிக்கிறார்கள். அந்த விசா சில வாரங்களில் முடிகிறது.

மனைவிக்கு ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் இந்தியாவில் நீண்ட காலம் தங்க உதவும் அட்டை) கோரி விண்ணப்பித்தோம். திருமணச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பில் உள்ள பெயர்கள் கடவுச்சீட்டுகளுடன் பொருந்தவில்லை என்று சொல்லி விளக்கம் கேட்டிருக்கிறார்கள். மனைவியின் பெயர் யூலியா. ரஷ்யக் கடவுச்சீட்டில் அது ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குகிறது. மொழிபெயர்ப்பாளர் ‘ஒய்’ என்ற எழுத்தில் தொடங்கி எழுதிவிட்டார். என் பெயரும் ரஷ்ய எழுத்துக்குப் போய் ஆங்கிலத்துக்குத் திரும்பியதில் ஓர் ‘எச்’ விடுபட்டுவிட்டது. எனக்குக் குடும்பப்பெயர் கிடையாது என்பதால் என் தந்தையாரின் பெயரே மனைவிக்கும் மகளுக்கும் குடும்பப்பெயராகப் பதிவாகியுள்ளது. அதிலும் எழுத்துகள் மாறியிருக்கின்றன. ரஷ்யாவுக்குப் போய்ச் சான்றிதழையே திருத்தி வாங்கிவந்தால்தான் முடியும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். ஓசிஐ விண்ணப்பம் நிலுவையில் இருப்பதால் விசா முடிந்தாலும் கவலையில்லை என்று இன்னொருவர் சொல்கிறார். இவற்றில் எதை நம்புவது?

மகளுக்கு இந்தியக் கடவுச்சீட்டு எடுத்துவிட வேண்டும் என்பது என் தந்தையாரின் விருப்பம். மாமியார் கணவரை இழந்தவர். ஓய்வூதியத்தில் தனியாக வாழ்கிறார். அவரையும் எங்களுடனேயே வைத்துக்கொள்ள வழி உண்டா? விசா முடிந்துவிட்டால் தன்னையும் குழந்தையையும் திருப்பி அனுப்பிவிடுவார்களா என்று மனைவி நாள்தோறும் கேட்கிறார். அவருக்குச் சொல்ல என்னிடம் உறுதியான பதில் இல்லை.

பதில் (மதுரை வழக்கறிஞர்)

ஐயா, முதலில் விசாவைக் கவனியுங்கள். மற்ற அனைத்தும் அதற்குப் பிறகுதான். ஓசிஐ விண்ணப்பம் நிலுவையில் இருப்பது இந்தியாவில் தங்குவதற்கான அனுமதி ஆகாது. அட்டை கைக்கு வரும் நாள்வரை மனைவியின் விசாவும் மகளின் விசாவும் ஒரு நாள்கூட இடைவெளி விழாமல் தொடர வேண்டும். விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் போதும் என்று சொன்னவர் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த அறிவுரையைப் பின்பற்றிய குடும்பங்கள் பின்னால் பட்ட துன்பத்தை என் தொழிலில் கண்டிருக்கிறேன். 2025 செப்டம்பர் 1 முதல் குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம், 2025 நடைமுறைக்கு வந்து, 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம் உள்ளிட்ட நான்கு பழைய சட்டங்களின் இடத்தைப் பிடித்துள்ளது. விசாக் காலம் கடந்து தங்கினால் 3 ஆண்டுகள் வரை சிறை, 3 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க அதில் இடமுண்டு. ஒவ்வொருவரையும் சிறைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நான் அச்சுறுத்தவில்லை. ஆயினும் காலம் கடந்து தங்கிய பதிவு ஒன்று கோப்பில் ஏறிவிட்டால், ஓசிஐக்கான பாதுகாப்புச் சரிபார்ப்பிலும் அது கேள்வியாகத் திரும்பி வரும்.

ஆகவே இந்த வாரமே, வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தின் (எஃப்ஆர்ஆர்ஓ) இ-எஃப்ஆர்ஆர்ஓ இணையதளத்தில் இருவருக்கும் தனித்தனியாக விசா நீட்டிப்புக்கு விண்ணப்பியுங்கள். நீங்கள் எழுதிய உறுதிக் கடிதம், உங்கள் கடவுச்சீட்டு நகல், வாடகை ஒப்பந்தம், திருமணச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைத் தெளிவாக ஸ்கேன் செய்து இணையுங்கள். நேரில் வரச் சொன்னால், சென்னையில் அந்த அலுவலகம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில் உள்ள சாஸ்திரி பவனில் இருக்கிறது. உங்கள் வீட்டு உரிமையாளரிடமும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் தெரிவிக்க வேண்டிய, பொதுவாக ‘சி ஃபார்ம்’ எனப்படும் அறிவிப்பைச் செய்தாரா? இது விடுதிகளுக்கு மட்டும் உரியது என்று பலர் எண்ணுகிறார்கள். தனியார் வீடுகளுக்கும் பொருந்தும்.

பெயர்ச் சிக்கலுக்காக ரஷ்யாவுக்குப் போக வேண்டியதில்லை. மூலச் சான்றிதழ் ரஷ்ய எழுத்தில் இருக்கிறது. அதில் பிழை எதுவும் இல்லை. அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக அதை வழங்கிய நாடு இடும் சான்று முத்திரை, மூலச் சான்றிதழின் மேல்தான் இடப்பட்டிருக்கிறதா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இடப்பட்டிருந்தால், பிழை இருப்பது ஆங்கில மொழிபெயர்ப்பில் மட்டுமே. அதைப் புதிதாகச் செய்துகொள்ளலாம். மூவரின் கடவுச்சீட்டு நகல்களையும் கொடுத்து, ஆங்கில எழுத்துகள் அவற்றில் உள்ளபடியே அமைய வேண்டும் என்று எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். சென்னை சாந்தோமில் உள்ள ரஷ்யத் துணைத் தூதரகம் தன் குடிமக்களுக்கு நோட்டரி சேவைகள் செய்கிறது. மொழிபெயர்ப்பைச் சான்றுறுதி செய்வதும் அவற்றில் அடங்கும். அந்த முத்திரையுடன் வரும் மொழிபெயர்ப்பையும், இரு எழுத்துவடிவங்களும் ஒரே நபரைக் குறிக்கின்றன என்ற உறுதிமொழிப் பத்திரத்தையும் சேர்த்து, கேட்கப்பட்ட விளக்கத்துக்குப் பதிலாக அளியுங்கள். குடும்பப்பெயர் இல்லாத தமிழர் ஒருவருடைய தந்தையின் பெயர் ரஷ்ய ஆவணத்தில் எப்படிக் குடும்பப்பெயர் ஆனது என்பதை அந்தப் பத்திரத்தில் இரண்டு வரியில் விளக்கிவிடுங்கள். வடக்கிலிருந்து வந்து பணியாற்றும் அலுவலருக்கு நம் பெயரிடும் வழக்கம் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பதில் (திருச்சியிலிருந்து ஒரு கணவர்)

நண்பருக்கு வணக்கம். என் மனைவியும் ரஷ்யர்தான். இப்போது அவரிடம் ஓசிஐ அட்டை உள்ளது. வழக்கறிஞர் ஐயா கூறியதுடன் என் அனுபவத்தையும் சேர்க்கிறேன்.

குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவின்படி, திருமணம் பதிவு செய்யப்பட்டு, விண்ணப்பத்துக்கு முன் குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நிலைத்திருக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. ஆனால் வாழ்க்கைத்துணை என்ற முறையில் கோரும் ஓசிஐக்கு முன்கூட்டியே பாதுகாப்புச் சரிபார்ப்பு நடந்தாக வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். காவல் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வருவார்கள். அண்டை வீட்டாரிடமும் விசாரிக்கலாம். நேர்காணலில் எங்கள் இருவரையும் தனித்தனியே அமர்த்தி, எப்படிச் சந்தித்தோம், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எந்த மொழியில் பேசிக்கொள்கிறோம் என்றெல்லாம் கேட்டார்கள். போலித் திருமணங்களைக் கண்டறிவதற்காகவே இவை கேட்கப்படுகின்றன என்பதை மனைவிக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். காவல்துறைச் சீருடையில் ஒருவர் வாசலில் நிற்பது என் மனைவிக்கு முதலில் மிகுந்த அச்சத்தைத் தந்தது. காரணம் தெரிந்தபின் அவரே தேநீர் கொடுத்து அமைதியாகப் பதில் சொன்னார். கூட்டு வங்கிக் கணக்கு, இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், வெவ்வேறு ஆண்டுகளின் குடும்பப் புகைப்படங்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருங்கள்.

உங்கள் மனைவி வேலைக்குப் போக எண்ணினால், அது ரஷ்ய மொழி வகுப்பு எடுப்பதாக இருந்தாலும், அட்டை வருவதற்கு முன்பு எஃப்ஆர்ஆர்ஓவின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் தொடங்க வேண்டாம். ஊரில் பெரியவர்கள் அன்பினால் மருமகள் பெயரில் தோட்டமோ வயலோ வாங்க நினைப்பதுண்டு. ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டப்பயிர் நிலம் ஆகியவற்றை விலைக்கு வாங்க முடியாது. இதை அவர்களிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

கோவை மருத்துவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்போஸ்டில் மூலச் சான்றிதழின் மேல்தான் இருக்கிறது, பார்த்துவிட்டேன். நீட்டிப்பு விண்ணப்பங்களை இன்றிரவே தொடங்குகிறேன். மகளைப் பற்றி மட்டும் இன்னும் தெளிவு தேவை. தந்தை இந்தியக் குடிமகன் என்றால் குழந்தையும் இந்தியக் குடிமகள்தானே என்று என் தந்தையார் கேட்கிறார். அவருக்கு எப்படிப் பதில் சொல்வது?

பதில் (மதுரை வழக்கறிஞர்)

தங்கள் தந்தையாரின் கேள்வி இயல்பானது. குழந்தை இந்தியாவில் பிறந்திருந்தால் அவர் சொல்வது சரியாகவும் இருந்திருக்கும். வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு வழி வேறு. குடியுரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி, பிறந்த ஓராண்டுக்குள் அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பிறகு என்றால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். எப்போது பதிவு செய்தாலும், குழந்தையிடம் வேறு நாட்டுக் கடவுச்சீட்டு இல்லை என்று பெற்றோர் உறுதிமொழி அளித்தாக வேண்டும். உங்கள் மகளிடம் ரஷ்யக் கடவுச்சீட்டு இருப்பதால் அந்த உறுதிமொழியை நீங்கள் அளிக்க முடியாது. அதை மறைத்து இந்தியக் கடவுச்சீட்டு வாங்கித் தருவதாகச் சொல்லும் முகவர் யாராவது அணுகினால், தயவுசெய்து அவரை விலக்கிவிடுங்கள். பெற்றோர் கொடுத்த பொய்யான உறுதிமொழியின் விளைவைக் குழந்தைதான் பிற்காலத்தில் சுமக்க நேரிடும்.

ஆறுதலான செய்தியும் இருக்கிறது. பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தால், மைனர் குழந்தை அந்த உரிமையிலேயே ஓசிஐ பெறலாம். மனைவிக்குள்ள இரண்டு ஆண்டு நிபந்தனை குழந்தைக்கு இல்லை. எனவே மகளின் விண்ணப்பத்தை மனைவியின் விண்ணப்பத்தோடு முடிச்சுப் போடாமல் தனியாக அளியுங்கள். அப்போஸ்டில் இடப்பட்ட பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டின்படி எழுத்துகள் அமைந்த மொழிபெயர்ப்பு, பெற்றோர் இருவரின் கையொப்பம் ஆகியவை முதன்மையானவை. இந்தியாவில் விண்ணப்பக் கட்டணம் 15,000 ரூபாய். மகளின் அட்டை முதலில் வந்துவிட்டால், குழந்தையைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று உங்கள் மனைவி கொண்டிருக்கும் அச்சம் நீங்கிவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே அதை விரைந்து செய்யச் சொல்கிறேன்.

பதில் (சென்னையிலிருந்து, பயண முகமைப் பணியில் உள்ளவர்)

மாமியாரைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன், தம்பி. சட்டம் ஓசிஐ உரிமையை வாழ்க்கைத்துணைக்கு அளிக்கிறது. வாழ்க்கைத்துணையின் தாய்க்கு அளிக்கவில்லை. ஆகவே நிரந்தரமாகத் தங்கவைக்கும் எண்ணத்தை இப்போதைக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, அவர் ஆண்டுதோறும் வந்து பேத்தியுடன் சில மாதங்கள் இருந்துவிட்டுப் போகும்படி திட்டமிடுங்கள்.

இ-சுற்றுலா விசா 30 நாள், 1 ஆண்டு, 5 ஆண்டு என மூன்று வகைகளில் கிடைக்கிறது. உறவினரைப் பார்ப்பதும் அதன் நோக்கங்களில் அடங்கும். நீண்ட காலம் செல்லுபடியாகும் வகைகளிலும் ரஷ்யர்கள் ஒரு வருகையில் தொடர்ந்து 90 நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது. இந்த விசாவை இங்கே நீட்டிக்கவோ வேறு வகையாக மாற்றவோ இயலாது. அதைவிட நீண்ட காலம் வேண்டுமென்றால், மாஸ்கோவிலுள்ள இந்தியத் தூதரகத்திலோ, செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் போன்ற நகரங்களிலுள்ள துணைத் தூதரகங்களிலோ, மகளும் பேத்தியும் இந்தியாவில் வசிப்பதற்கான சான்றுகளுடன் வழக்கமான விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். எத்தனை நாள் தங்கலாம் என்பதை விசாவில் எழுதியிருக்கும் வரிதான் முடிவு செய்யும். அவர் வந்து தங்கும்போதும் ‘சி ஃபார்ம்’ அறிவிப்பை மறந்துவிடாதீர்கள்.

பணம் இன்னொரு பெரிய சிக்கல். விசா, மாஸ்டர்கார்டு என்னும் வங்கி அட்டை நிறுவனங்கள் 2022 மார்ச்சில் ரஷ்யச் சேவையை நிறுத்தியதிலிருந்து, ரஷ்ய வங்கிகள் வழங்கிய அந்நிறுவனங்களின் அட்டைகள் வெளிநாடுகளில் வேலை செய்வதில்லை; அவருடைய ஓய்வூதியம் வரும், ரஷ்யாவின் சொந்த வங்கி அட்டையான மிர் அட்டையை வைத்துக்கொண்டு நம் ஏடிஎம்மில் பணம் எடுக்கவும் முடியாது. ஆகவே தேவையான தொகையை அவர் ரொக்கமாகக் கொண்டுவர நேரிடும். 10,000 டாலர் மதிப்புக்கு மேல் வெளிநாட்டு நோட்டுகளை வெளியே எடுத்துச் செல்ல ரஷ்யா தடை விதித்துள்ளது. இந்தியாவில் இறங்கும்போது நோட்டுகள் மட்டும் 5,000 டாலர் மதிப்பைத் தாண்டினால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். அவ்வளவு கொண்டுவரத் தேவையிருக்காது. இருந்தாலும் வயதானவர் விமான நிலையத்தில் தடுமாறாதபடி முன்பே சொல்லிவையுங்கள். உரிமம் பெற்ற மாற்றகத்தில் மட்டும் மாற்றி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மருத்துவக் காப்பீட்டைப் புறப்படுவதற்கு முன் அங்கேயே எடுத்துவிடட்டும். மருத்துவரான உங்களுக்கு அதன் தேவையை நான் விளக்க வேண்டியதில்லை.

கோவை மருத்துவர்

மனைவிக்கும் மகளுக்கும் நீட்டிப்பு விண்ணப்பங்களைப் பதிவேற்றிவிட்டேன். இரண்டுக்கும் விண்ணப்ப எண்கள் வந்துவிட்டன. வீட்டு உரிமையாளர் ‘சி ஃபார்ம்’ பற்றி அறிந்திருக்கவில்லை. உடன் அமர்ந்து பதிவு செய்தோம். துணைத் தூதரகத்தில் மொழிபெயர்ப்புச் சான்றுறுதிக்கு நேரம் கேட்டிருக்கிறோம். மகளின் பிறப்புச் சான்றிதழில் அப்போஸ்டில் இல்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. அதை ரஷ்யாவில்தான் இட முடியும் என்பதால், மாமியாரின் பெயருக்கு அதிகாரப் பத்திரம் எழுதி, அவர் மூலமாக அப்போஸ்டில் பெற்று, அவர் வரும்போது கையோடு கொண்டுவரச் சொல்லலாம் என்று மனைவி கருதுகிறார். அதிகாரப் பத்திரத்தைச் சாந்தோம் அலுவலகத்திலேயே ரஷ்ய மொழியில் எழுதிச் சான்றுறுதி செய்ய முடியுமா?

பதில் (திருச்சியிலிருந்து ஒரு கணவர்)

முடியும். ரஷ்யத் துணைத் தூதரகம் சான்றுறுதி செய்த அதிகாரப் பத்திரம் ரஷ்யாவில் அப்படியே செல்லும். அதற்குத் தனியாக அப்போஸ்டில் வேண்டாம். உங்கள் மனைவி தம் ரஷ்யக் கடவுச்சீட்டுடன் நேரில் போக வேண்டும். பத்திரத்தில் மாமியாரின் முழுப்பெயரையும், ரஷ்யர்கள் தம் நாட்டுக்குள் அடையாளச் சான்றாகப் பயன்படுத்தும் உள்நாட்டு பாஸ்போர்ட்டின் விவரங்களையும் எழுத வேண்டியிருக்கும். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பும்படி இன்றே அவரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். மொழிபெயர்ப்புக்குக் கிடைக்கும் அதே நாளிலேயே இதற்கும் நேரம் கேளுங்கள். கோவையிலிருந்து குழந்தையுடன் இன்னொரு பயணம் மிச்சமாகும்.