அப்பாவுக்கு "தி வாய்ஸ்" செயலி உதவுமா?

சிப்புட்காரன்:
மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். அப்பா முப்பது ஆண்டு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கண் அழுத்த நோயால் பார்வை போய்விட்டது. கோலூன்றி ஒட்டுக்கடைக்குத் தனியாகவே போவார். செம்பனை லோரியின் சத்தத்தை வைத்தே பாரமா, காலியா என்று சொல்லிவிடுவார். காட்சியை ஒலியாக்கும் இந்தச் செயலி அவருக்குச் சரிப்படுமா?

செவிவழி:
எனக்கும் பார்வை இல்லை. ஆறு மாதமாகப் பயன்படுத்துகிறேன். பீட்டர் மெய்யர் 1992இல் வெளியிட்ட முறை இது. கேமரா பார்ப்பதை இடமிருந்து வலமாக, வழக்கமாக வினாடிக்கு ஒருமுறை வருடும். மேலே இருப்பது கீச்சொலி, கீழே இருப்பது கட்டை ஒலி; வெளிச்சம் கூடினால் சத்தம் கூடும். வீட்டு வெள்ளைக் கதவை அடையாளம் காணவே எனக்கு மூன்று வாரம் பிடித்தது. பொறுமை வேண்டும், ஐயா.

தோட்டத்துப்பிள்ளை:
காதை அடைக்கும் ஹெட்போன் மட்டும் வேண்டாம். எலும்பு வழியாக ஒலி கடத்தும் வகை வாங்குங்கள். லோரிச் சத்தமும் கேட்க வேண்டுமே. கோலையும் விடக்கூடாது.

சிப்புட்காரன்:
நேற்றிரவு போட்டுக் காட்டினேன். "தகரக் கூரையில் பூனை ஓடுகிறது" என்று சிரித்தார். காலையில் அவரே கைத்தொலைபேசியைக் கேட்டு வாங்கி, வாசல் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.