அமெரிக்கா கொடுத்த வாக்கு உங்கள் வாழ்க்கையைத் தொட்டதுண்டா? அனுபவங்களைப் பகிருங்கள்

திருப்பூரிலிருந்து ஒரு மெர்ச்சண்டைசர் (பின்னலாடை ஆர்டர்களைக் கவனிப்பவர்)

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்காவில் கூடுதல் வரி 50 சதவீதம் ஆனது. பருத்தி டி-ஷர்ட்டுக்கு ஏற்கெனவே 16.5 சதவீத வரி உண்டு. மொத்தம் 66.5. அந்த வாரம் எங்களிடம் பேக்கிங் முடிந்து, பெட்டிகளில் ஸ்டிக்கர்கூட ஒட்டியாகிவிட்டது. தூத்துக்குடிக்கு லாரி ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. சரக்கை வாங்கும் அமெரிக்க பையரிடமிருந்து ஒரே வரியில் மெயில் வந்தது: நிறுத்தி வையுங்கள். செக்கிங்கில் இருக்கும் அக்கா ஒருவர் வந்து, "அடுத்த வாரம் ஓவர்டைம் இருக்குங்களா சார்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அந்த 16.5 என்பது, இதற்கு மேல் போக மாட்டோம் என்று உலக வர்த்தக அமைப்பில் அமெரிக்காவே எழுதிக் கொடுத்த அளவு. மீறினால் அந்த அமைப்பில் வழக்குப் போடலாம், கடைசி முடிவு சொல்ல ஜெனீவாவில் மேல்முறையீட்டு அமர்வு இருந்தது. அதற்குப் புது உறுப்பினர்களை நியமிக்க விடாமல் தடுத்ததும் அமெரிக்காதான். 2019 டிசம்பரோடு அங்கே வழக்கு கேட்கப் போதிய ஆளில்லை. டிரம்பை மட்டும் குறை சொல்ல முடியாது, பைடன் வந்தும் அந்தக் கதவைத் திறக்கவில்லை.

சோலார் செல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன்

அண்ணா, நீங்கள் சொன்ன ஜெனீவாவில் எங்கள் துறையும் அடிபட்டது. தேசிய சூரிய மின்திட்டத்தில் உள்நாட்டு செல்தான் வாங்க வேண்டும் என்று இந்தியா நிபந்தனை வைத்தது. 2013இல் அமெரிக்கா வழக்குப் போட்டது, 2016 செப்டம்பரில் நாம் தோற்றோம். சரி, விதி என்றால் விதிதான். ஆனால் அதே மாதிரி சலுகைகள் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றிலும் இருந்தன. இந்தியா எதிர்வழக்குப் போட்டு 2019 ஜூனில் ஜெயித்தது. அமெரிக்கா மேல்முறையீடு செய்தது, கொஞ்ச நாளில் அமர்வே முடங்கியது. 2023இல் இரு அரசுகளும் பேசி முடித்துக்கொண்டன. அதற்கு முந்தைய வருடம்தான், உள்நாட்டுப் பொருளைப் பயன்படுத்தினால் கூடுதல் வரிச்சலுகை என்று அமெரிக்கா தேசிய அளவிலேயே சட்டம் போட்டிருந்தது. அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜெர்மனியில் படித்த மாணவி

2017 நவம்பரில் பான் நகரக் காலநிலை மாநாட்டுக்குப் போயிருந்தேன். புவி வெப்பமாவதைக் கட்டுப்படுத்த நாடுகள் போட்ட பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக டிரம்ப் அறிவித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அமெரிக்க அரசுக்கு அரங்கே கிடையாது. வெளியே பெரிய வெள்ளைக் கூடாரம் போட்டு, "நாங்கள் இருக்கிறோம்" என்றார்கள் அந்நாட்டின் மாநிலங்களும் நகரங்களும். கலிபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரவுன்கூட வந்திருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற ஃபிஜிக்காரப் பெண், "இவர்கள் நல்லவர்கள். ஆனால் கையெழுத்து இவர்களுடையது இல்லையே" என்றார். அமெரிக்க அரசு 2020இல் விலகியது, 2021இல் சேர்ந்தது, 2026 ஜனவரியில் மறுபடி விலகியது. அந்தப் பெண்ணைத்தான் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.

திருப்பூர், மீண்டும்

தங்கச்சி, அந்தப் பெட்டிகள் நாற்பது நாள் கழித்து விலையைக் குறைத்துத்தான் போயின. இதற்கிடையே அதே பையரின் ஆடிட் படிவம் மாதம் தவறாமல் வருகிறது: ஒரு பீஸுக்கு எத்தனை யூனிட் மின்சாரம், அதில் காற்றாலை எவ்வளவு, சாயக்கழிவு நீரில் எவ்வளவு திரும்பப் பயன்பட்டது. அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். உடுமலைப் பக்கக் காற்றாலைக் கணக்கை நேற்றும் யூனிட் சுத்தமாக நிரப்பி அனுப்பினேன்.