தி குளோரி: உங்களை இன்னும் விடாத அந்த ஒரு காட்சி எது?

முல்லைக்கொடி

கதை எல்லோருக்கும் தெரியும்: பள்ளியில் உடன் படித்தவர்கள் வதைத்த தோங்-உன் என்ற பெண், வளர்ந்தபின் பழிவாங்கும் கொரியத் தொடர். நேரே வருகிறேன். நான் தென்கொரியாவின் சோங்ஜு நகரில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். 2023 சனவரி. அறைத்தோழி அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த கொரியப் பெண். இருவரும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து முதல் அத்தியாயத்தைப் போட்டோம். உடற்பயிற்சிக் கூடத்தில் தோங்-உன்னுக்குச் சூடு வைக்க அந்த முடி சுருட்டும் கருவி வந்ததும் தோழி மடிக்கணினியைப் பட்டென்று மூடிவிட்டாள். "இது எங்கள் ஊரில் நடந்தது" என்றாள். 2006இல் சோங்ஜுவில் நடுநிலைப் பள்ளி மாணவி ஒருத்தியை உடன் படித்தவர்களே அப்படிச் சூடு வைத்தார்கள். அப்போது இவளுக்கும் ஏறக்குறைய அதே வயது, வேறு பள்ளி. செய்தி வந்த அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் அவளுடைய அம்மா ஒரு வார்த்தை பேசாமல் சீருடையின் இரண்டு கைகளையும் முழங்கைக்கு மேல் சுருட்டிப் பார்த்தாராம். பிறகு இறக்கிவிட்டு, பொத்தானைப் போட்டுவிட்டு, சோறு வைக்கப் போய்விட்டாராம். இதைச் சொல்லும்போது தோழி தன் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள். மீதி 15 அத்தியாயங்களையும் நான் தனியாகத்தான் பார்த்தேன். தோங்-உன்னின் தழும்புகளைவிட அந்தச் சட்டைக் கைதான் என் கண்ணில் நிற்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியன்

எனக்குக் கைக்கடிகாரம். வகுப்பாசிரியர் தோங்-உன்னை அடிப்பதற்கு முன் கடிகாரத்தைக் கழற்றுகிறாரே, அது. ஆத்திரத்தில் அடிப்பவனுக்குக் கடிகாரம் நினைவுக்கு வராது. 31 ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். எவரையும் கைநீட்டி அடித்ததில்லை. ஆனால் சட்டைப்பை கிழிந்து ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்ற எட்டாம் வகுப்புப் பையனிடம், விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே "போய் உட்கார், சண்டை போடாமல் இருங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். "சரி சார்" என்றான். அடுத்த வாரம் மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போய்விட்டார்கள். காரணம் என்ற இடத்தில் "பெற்றோர் விருப்பம்" என்று இருந்தது. தோங்-உன்னின் விலகல் படிவத்தில் பள்ளியோடு ஒத்துப்போகவில்லை என்று காரணம் மாறுகிற இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டேன்.

கரிசல்காட்டான்

ஐயா, மன்னிக்க வேண்டும். ஆசிரியரோடு நிறுத்திவிட்டீர்கள். அந்தப் படிவத்துக்குச் சம்மதித்தது பெற்ற தாய், பணம் வாங்கிக்கொண்டு சம்மதித்தாள். சட்டைக் கையைச் சுருட்டிப் பார்க்கிற அம்மா எல்லாப் பிள்ளைக்கும் வாய்ப்பதில்லை, எழுத்தாளர் கிம் யுன்-சுக் அதைத்தான் அழுத்திக் காட்டுகிறார்.

என் அனுபவம் வேறு. 2023 மார்ச் 10 அன்று இரண்டாம் பகுதி வந்தது, 8 அத்தியாயங்களையும் விடிய விடியப் பார்த்தேன். அதே நாளில் இயக்குநர் ஆன் கில்-ஹோ மீதே குற்றச்சாட்டு எழுந்தது. 1996இல் பிலிப்பைன்சில் படித்தபோது தன்னைவிடச் சிறிய மாணவர்களை அடித்தார் என்று. முதலில் மறுத்தார். இரண்டே நாளில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அதைப் படித்துவிட்டு உடற்பயிற்சிக் கூடக் காட்சியை மறுபடியும் போட்டேன். இந்த முறை யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. கேமரா எங்கே நிற்கிறது என்றுதான் கண் போனது. அதனால் தொடரே பொய் என்பவர்களோடு நான் சேர மாட்டேன். நடிகை லிம் ஜி-யோன் வதைத்தவர்களின் தலைவியாக, அந்தக் கொடுமைக்காரியாக நடித்ததைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

தாமரை

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. நான் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, "எல்லா வகுப்பிலும் இப்படி ஒருத்தி இருப்பாள் அம்மா" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான்.

கரிசல்காட்டான் தம்பி, தாயைக் குறை சொல்வது சுலபம். தொடரில் வரும் ஹ்யோன்-நாமும் ஒரு தாய்தானே? புருஷனிடம் அடிவாங்கிக்கொண்டே மகளைக் காப்பாற்றத் துடிக்கிறாளே, அவளையும் எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் ஐயா, அந்தப் பையன் இருக்கும் இடம் தெரிந்தால் ஒரு கடிதம் போடுங்கள். பெற்றோர்களே, திங்கட்கிழமை காலையில் பிள்ளை வயிறு வலிக்கிறது என்றால் அதட்டாதீர்கள். யார் அடித்தது என்று எடுத்த எடுப்பில் கேட்டால் வாயே திறக்காது. இன்று யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று கேளுங்கள், அதில் பாதி தெரிந்துவிடும். காயம் இருந்தால் அன்றைக்கே படம் எடுத்துத் தேதியைக் குறித்து வையுங்கள். பள்ளியில் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வராதீர்கள், எழுதிக் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். உதவிக்குத் தொலைபேசியில் அழைக்க, இந்தியாவில் 1098. கொரியாவில் இதற்கென்றே 117 இருக்கிறது. பிள்ளை நடந்ததைச் சொல்லும்போது நீங்கள் அழுதால் அது நிறுத்திக்கொள்ளும். அதையும் நினைவில் வையுங்கள்.

தீவகத்தான்

நான் யாழ்ப்பாணத்தவன். கொரியாவின் அன்சான் நகரில் தொழிற்சாலை வேலை. இங்கே வருவதற்கான மொழித் தேர்வுக்குப் பருவங்களின் பெயர்களை மனப்பாடம் செய்தபோது "பொம்" என்றால் வசந்தம். அதற்கு மேல் அந்தச் சொல்லில் ஒன்றுமில்லை. கடைசி அத்தியாயத்தில், சாகவென்று ஆற்றில் இறங்கிய சிறுமி தோங்-உன்னும் அதே எண்ணத்தோடு இறங்கிய மூதாட்டியும் தெப்பமாக நனைந்து கரையில் இருக்கிறார்கள். தண்ணீர் குளிர்கிறது, பொம் வரட்டும், அப்போது சாவோம் என்கிறார் மூதாட்டி. கீழே ஓடும் எழுத்தைப் படிப்பதற்கு முன்பே அந்தச் சொல் காதில் விழுந்துவிட்டது. தங்குமிடத்தில் மேல்கட்டிலில் படுத்திருந்தேன். கீழே நேபாளத்து நண்பன் தூங்கிக்கொண்டிருந்தான், அதனால் போர்வையைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

மார்ச் கடைசி. மறுநாள் உணவுக்கூடத்தில் சூப் ஊற்றும் அம்மா என் தடித்த மேற்சட்டையைத் தொட்டுக் காட்டி, பொம் வந்துவிட்டது, இதை இன்னும் ஏன் போட்டிருக்கிறாய் என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. தட்டை நீட்டியபடியே நின்றேன்.