மறுமொழி: ‘அரை டிரெட்நாட்’டுக்குப் பதில் ‘இருவிட்டப் பெரும்பீரங்கிக் கப்பல்’

வணக்கம்.

ஆங்கிலத்தில் ‘semi-dreadnought’ எனப்படும் பழைய போர்க்கப்பல் வகைக்குத் தமிழ்க் கலைச்சொல் கேட்டு இந்த இழையில் வந்த ‘அரை டிரெட்நாட்’, ‘அரை அஞ்சாக்கப்பல்’ இரண்டுமே எனக்கு உடன்பாடில்லை. டிரெட்நாட் 1906இல் பிரிட்டன் கடலில் இறக்கிய ஒரு கப்பலின் பெயர், அதை அப்படியே எழுதிவிடலாம். சிக்கல் ‘அரை’யில்தான். படிப்பவர் அளவில் பாதி என்றோ பாதியில் விட்ட வேலை என்றோ நினைத்துக்கொள்வார். இந்த வகையைச் சேர்ந்த, பிரான்சின் தாந்தோன் வகுப்புக் கப்பல் ஒவ்வொன்றும் 18,000 டன்னுக்கு மேல். டிரெட்நாட்டும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

வேறுபாடு பீரங்கியில் இருக்கிறது. டிரெட்நாட்டின் பெரிய பீரங்கிகள் பத்தும் 305 மி.மீ. வாய்விட்டம். தாந்தோன் வகுப்பின் தாந்தோன், கொந்தோர்சே, திதரோ, மிராபோ, வெர்ஞ்ஞியோ, வொல்தேர் ஆகிய ஆறு கப்பல்களிலும் 305 மி.மீ. நான்கு, 240 மி.மீ. பன்னிரண்டு. அந்தக் காலத்தில் குறி பார்ப்பவர் குண்டு கடலில் விழுந்து எழுப்பும் நீர்த்தூணைப் பார்த்து, இலக்கைத் தாண்டி விழுந்ததா முன்னாலேயே விழுந்ததா என்று கணித்துத்தான் தூரத்தைத் திருத்துவார், இரண்டு அளவுக் குண்டுகளும் எழுப்பும் தூண்கள் தொலைவிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும், அப்புறம் எந்தப் பீரங்கிக்கு எந்தத் திருத்தம் சொல்வது? இந்த வகைக் கப்பல்களின் அடிப்படைக் குறையே இதுதான். கலைச்சொல்லும் இதைத்தான் காட்ட வேண்டும்.

டிரெட்நாட்டைப் போலவே டர்பைன் (நீராவியால் சுழலும் எந்திரம்) இருப்பதை வைத்து ‘அரை’ என்றால் பொருந்துமே என்று ஒருவர் கேட்டிருந்தார். தாந்தோன் வகுப்புக்குப் பொருந்தும், டர்பைன் பொருத்திய முதல் பெரிய பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் அவைதான். ஆனால் பிரிட்டனின் லார்ட் நெல்சனையும் ஆஸ்திரிய-ஹங்கேரியின் ராடெட்ஸ்கியையும் இதே வகையில் சேர்க்கிறோம், அவற்றில் ஓடியது பழைய பிஸ்டன் நீராவி எந்திரம். எல்லாவற்றுக்கும் பொதுவாக மிஞ்சுவது இரண்டு விட்டப் பெரும்பீரங்கிகள் மட்டுமே.

ஆகவே என் பரிந்துரை: டிரெட்நாட் வகைக்கு ‘ஒருவிட்டப் பெரும்பீரங்கிக் கப்பல்’, இவற்றுக்கு ‘இருவிட்டப் பெரும்பீரங்கிக் கப்பல்’. நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ‘இருவிட்டக் கப்பல்’ என்று சுருக்க வேண்டாம். அதற்கு முந்தைய கப்பல்களிலும் 305 மி.மீ.யோடு 150 மி.மீ. அளவிலான நடுத்தரப் பீரங்கிகள் உண்டு, ‘பெரும்’ போய்விட்டால் அவையும் உள்ளே வந்துவிடும்.

‘வகுப்பா வகையா’ என்ற கேள்விக்கு: ஒரே வரைபடத்தில் கட்டிய கப்பல்களுக்கு வகுப்பு, பொதுப் பிரிவுக்கு வகை. தாந்தோன் வகுப்பு, இருவிட்ட வகை. சரிதானே?

இன்னொன்று. பீரங்கிகளைத் தாங்கித் திரும்பும் கவசக் கூண்டுக்கு (turret) கலைச்சொல் பட்டியலில் ‘கோபுரம்’ போட்டிருக்கிறீர்கள். 1917 மார்ச் 19 அன்று ஜெர்மனியின் யு-64 நீர்மூழ்கியின் டார்பிடோ பட்டு, இத்தாலியின் சார்தீனியாத் தீவுக்குத் தென்மேற்கே தாந்தோன் மூழ்கியது. ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் நிமிர்ந்து நிற்கும் அதன் சிதைவில் இந்தக் கூண்டுகள் பல இன்னும் இடத்திலேயே இருக்கின்றன. அங்கே ‘கோபுரம்’ என்று எழுதினால் பாய்மரத்தையோ புகைபோக்கியையோதான் நினைப்பார்கள், புகைபோக்கி வேறு இந்தக் கப்பல்களுக்கு ஐந்து. ‘சுழல்கூண்டு’ போதும் என்பது என் எண்ணம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.