ஈசல் வறுக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் மழை விட்டதும் தோட்டத்துப் புற்றிலிருந்து ஈசல் கிளம்பியது. சின்ன வயதில் அப்பத்தா செய்தது ஞாபகம் வர, அகலமான சட்டியில் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு விளக்கைத் தொங்கவிட்டேன். அரை மணி நேரத்தில் இரண்டு படிக்குக் குறையாமல் விழுந்தது. அதுவரை சரி.

அப்புறம்தான் சிக்கல். தண்ணீரை வடித்துவிட்டு அப்படியே மண்சட்டியில் போட்டு வறுத்தேன். றெக்கை உதிரவே இல்லை. ஈரத்தில் உடம்போடு ஒட்டிக்கொண்டு, முறத்தில் புடைத்தாலும் போகவில்லை. அப்பத்தா புடைக்கும்போது றெக்கை தனியாகப் பறந்து முற்றமெல்லாம் கிடக்கும். முதலில் வெயிலில் காயவைக்க வேண்டுமா, காய்ந்தபின் கையால் தேய்த்தால் போதுமா?

வறுத்ததில் வறுத்த அரிசி, பொட்டுக்கடலை, உப்பு, மிளகாய்த்தூள் கலந்து டப்பாவில் வைத்தேன். நாலாம் நாளே எண்ணெய்ச் சிக்கு வாடை. ஈசலில் கொழுப்பு அதிகம், தெரியும். ஆனால் அப்பத்தாவின் பானையில் மாதக்கணக்கில் கெடாமல் இருந்ததே! இன்னும் முறுக வறுக்க வேண்டுமா, உப்பை எப்போது சேர்ப்பது?

இன்னொன்று. என் மகளுக்கு இறால் சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடிக்கும். இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பூச்சி வகையும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதால் அவளுக்குக் கொடுக்கவில்லை. (அவள் பக்கத்திலேயே வரவில்லை, அது வேறு கதை.)

புற்றுப் பக்கம் மருந்து எதுவும் அடிப்பதில்லை. அடுத்த மழைக்குள் பதில் கிடைத்தால் புண்ணியமாகப் போகும்.